'உ' ஃபோல்டருக்குள் ஒரு கல்யாணம்

ஈசூன் அடுக்குமாடி வீட்டில் எங்களிடம் இருந்த பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரு பாகப்பிரிவினையே நடந்திருந்தது. ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி என் வீட்டுக்காரருக்கு, மறு பாதி எனக்கு. அவர் பாதியில் கிரிக்கெட், என் பாதியில் மற்ற எல்லாம். எந்தப் புது டிஸ்க் வந்தாலும் நான் முதலில் 'உ' என்று ஒரு ஃபோல்டர் போடுவேன். மளிகைச் சீட்டுக்கே பிள்ளையார் சுழி போடுகிற கை, டிஸ்க்கை மட்டும் விடுமா? அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும். அவருக்கும் அது தெரியும்.

ஆனால் இந்த டிஸ்க்கில் மட்டும் என் தங்கையின் கல்யாண வீடியோவை அதற்குள் வைத்திருந்தேன். பிள்ளையார் காவலில் பத்திரமாக இருக்கட்டுமே என்றுதான். காத்தோங் பிள்ளையார் கோயிலில் நடந்த கல்யாணம் அது. அசல் கேசட் எப்போதோ பூசணம் பிடித்துப் போய்விட்டது. அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவர் குரல் வேறெங்கும் எங்களிடம் இல்லை. தங்கையின் திருமண வெள்ளி விழாவில் அவரைத் திரையில் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

கம்ப்யூட்டரைக் கீழ்மாடி மலாய்க்கார அம்மாவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இவர் அதிலிருந்ததை அழிக்க உட்கார்ந்தார். என் பாதியில் இருந்ததையெல்லாம் புது லேப்டாப்புக்கு மாற்றியிருந்தேன். 'உ' மட்டும்தான் மிச்சம்; வீடியோ பெரிசு, ராத்திரி நிதானமாக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வெறும் சுழிதானே என்று, மனுஷன் திறந்துகூடப் பார்க்காமல் ஃபார்மட் கொடுத்துவிட்டார்.

"முடிஞ்சுது. இனி ரெண்டையும் ஒண்ணாக்கி விண்டோஸ் போட வேண்டியதுதான்" என்று குரல் கொடுத்தார்.

"ராகு காலம்ங்க. அழிச்சது அழிச்சீங்க, இப்பப் போய் புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க."

"கம்ப்யூட்டருக்கு ஏது லா ராகு காலம்" என்று இந்த ஊர் 'லா'வும் சேர்த்து முனகிக்கொண்டே டீ குடிக்க வந்தார்.

டீ ஆறுவதற்குள் தங்கையின் ஃபோன். "அக்கா, வீடியோவை இப்பவே அனுப்பிடு. விழா ஹால்ல போட்டுப் பாக்கணுமாம்." போய்ப் பார்த்தால் என் பாதி துடைத்துவிட்டது போலக் கிடந்தது.

"என்னங்க, என் 'உ' எங்க?"

"அது காலிதானே."

"அதுக்குள்ள எங்கப்பா இருந்தாருங்க."

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. நான் திட்டிய திட்டை இங்கே எழுதினால் அச்சகத்துக்காரர் கோபித்துக்கொள்வார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"நான் இன்னும் விண்டோஸ் போடல. நீதான் விடலியே."

அவர் செய்தது சும்மா மேலோட்டமான ஃபார்மட்டாம். அடுக்குமாடி புளோக்கில் வீட்டு நம்பரைக் கழற்றியது போலத்தானாம், உள்ளே ஆட்கள் அப்படியே இருப்பார்களாம். மேலே புதிதாக எதையாவது எழுதியிருந்தால்தான் போயிருக்குமாம். டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டி, அழிந்ததை மீட்கிற மென்பொருளை ஓடவிட்டார். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஃபைல்கள் பெயரில்லாமல் ஒவ்வொன்றாக வந்தன. என்றைக்கோ நான் தூக்கிப்போட்டதெல்லாம் வந்தது. ஒன்றில் இவர் பெரிய மீசையும் தொளதொள பேன்ட்டுமாக ஆடுகிறார். கோபமாக இருக்கிறோம் என்பதையே மறந்து இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்ததைத் திறந்தோம், நாதஸ்வரம் கேட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

விழா தெம்பனிஸில். சாப்பாடு முடிகிற நேரத்தில் படத்தைப் போட்டார்கள். அப்பா பந்தியிலிருந்து நேராகக் கேமராவிடம் வந்து, "நல்லா சாப்டீங்களா? இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொல்லவா?" என்றார்.

தங்கை கையிலிருந்த காலிக் கிண்ணத்தைத் திரைப் பக்கம் நீட்டினாள்.

"போடச் சொல்லுங்கப்பா" என்றாள்.