பொகவந்தலாவையில் ஒரு போவிட்டியாத் தோட்டம்

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை, முற்பகல். நுவரெலியாவிலிருந்து பத்துக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஹக்கலைத் தாவரவியற் பூங்காவின் வாயிலில் நான் இறங்கியபோது, மலையுச்சியை மூடியிருந்த மூடுபனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பின் கடலோரத்து உப்பு மணலில் தோட்டம் வளர்ப்பவள் நான். அங்கே அலரியும் நித்தியகல்யாணியுமே என் சொற்கேட்கும். இங்கோ பெரணி வகைப் பன்னங்கள் மரமாக நிமிர்ந்து தலைக்குமேல் கூரை வேய்ந்திருந்தன. ரோசாப் பாத்திகளைச் சூழ்ந்திருந்த கூட்டத்தை விட்டு விலகி, நீரோடையருகே ஊதா இதழ் விரித்து நின்ற புதரொன்றின் முன் நெடுநேரம் நின்றேன். அதன் பெயர் போவிட்டியா. இம்மலைகளின் சொந்தச் செடி. விலைக்குக் கிடைக்குமா என்று புல் செதுக்கிக்கொண்டிருந்தவரிடம் வினவினேன். பொகவந்தலாவையில் சிவகாமி என்னும் பெண் வளர்ப்பதாகக் கூறினார்.

ஞாயிறு, காலை எட்டு மணி. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பேருந்து; கட்டணம் நூற்றுமுப்பது ரூபா. வளைவுதோறும் நான் கம்பியை இறுகப் பற்றுவதைக் கண்ட பக்கத்து இருக்கைப் பெண், “பயப்படாதீங்க, இவரு கண்ணக் கட்டிக்கிட்டே ஓட்டுவாரு” என்றார்.

“இப்பவும் அப்படித்தான் ஓட்டுறாரு” என்றது பின்னிருக்கை.

சிவகாமியின் நாற்றுமேடை, அவர் குடியிருக்கும் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்புறச் சரிவில் இருந்தது. சென்ற ஆண்டுவரை தேயிலைக் கொழுந்து பறித்தவர். அவ்வேலையை விட்டுவிட்டுச் செடி வளர்க்கத் தொடங்கியிருந்தார். நான் சென்ற நேரம் அவர் முகம் வாடியிருந்தது. நுவரெலியா விடுதிகளுக்குச் செடி வழங்கும் வணிகர் நிசார் அன்று வரவிருந்தார். சித்திரை வசந்த காலத்தில் பூக்கவேண்டுமென்று மேடையிலிருந்த போவிட்டியாச் செடிகள் முழுவதையும் தைப்பொங்கலுக்கு முன்பே கேட்டிருந்தாராம். பொங்கல் கழிந்த ஞாயிறன்று களை பிடுங்க உதவிக்கு வந்த அண்ணன் மனைவி முத்துலெட்சுமி, ஊர்க்கதை பேசியவாறே ஒரு செடி விடாமல் நுனியைக் கிள்ளிவிட்டார். இருபது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்த விரல்கள். இச்செடி மொட்டு வைப்பதோ நுனியில்தான். நுனி போய்க் குட்டையாகிவிட்ட செடிகளை நிசார் ஏற்பாரோ என்பதே சிவகாமியின் கவலை.

“அவரு வேணாம்னுட்டா நாளைக்குப் பெரட்டுக்குப் போய் நிக்க வேண்டியதுதாங்க” என்றார் சிவகாமி. பெரட்டு என்பது விடியலில் தோட்டத்து வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம். முத்துலெட்சுமி அருகிலேயே, கைகளைச் சால்வைக்குள் ஒளித்தபடி நின்றார்.

பதினொரு மணியளவில் நிசாரின் சிறு லொறி வந்தது. அவர் குனிந்து ஒரு செடியின் இலைகளை விலக்கினார். பிறகு மற்றொன்று, பிறகு கடைக்கோடி வரிசை. நானும் எட்டிப் பார்த்தேன். கிள்ளிய இடத்தின் கீழே மூன்றும் நான்குமாகக் கிளைகள் புறப்பட்டிருந்தன. கிளைதோறும் சிவந்த மொட்டுகள்.

“அன்னைக்கு நான் பாத்தது வெறுங்கம்பு, தங்கச்சி. இது கூடை மாதிரி இருக்கு. யாரு கிள்ளுனது?”

“நாந்தாங்க மொதலாளி” என்றார் முத்துலெட்சுமி, தலை நிமிராமல். “வேணும்னு செய்யல. வெரலு சும்மா நிக்காது.”

நிசார் வயிறு குலுங்கச் சிரித்தார். “அடுத்த தடவையும் அந்த வெரலயே விடுங்க” என்று கூறி, அனைத்தையும் ஏற்றச் சொன்னார். நாங்கள் நால்வரும் ஏற்றினோம். எனக்கென ஒன்றும் எஞ்சவில்லை. எஞ்சியிருந்தாலும் எங்கள் கடற்கரை வெயிலில் அது பிழைக்காதென்று சிவகாமி ஆறுதல் சொன்னார். குளிரில் பிறந்ததைக் குளிரிலேயே வந்து காண்பதுதான் முறை என்று எனக்கும் தோன்றியது.

பிற்பகல் பேருந்துக்காகச் சரிவில் இறங்கினேன். மேலே, வெறுமையான மேடையருகே சிவகாமியின் குரல் கேட்டது:

“மதினி, வர்ற ஞாயித்துக்கெழமயும் வந்துருங்க. வேல ஒண்ணும் செய்ய வேணாம். புதுக் கன்னுங்க பக்கத்துல நின்னு பேசிக்கிட்டு மட்டும் இருங்க.”