அப்பா எழுதிய புகார்க் கடிதம்

எங்களை ஏமாற்றியவர் முகம் தெரியாத ஆள் இல்லை. தாம்பரத்தில் எங்கள் சபையின் கமிட்டி மெம்பர். ஞாயிறு தவறாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும் விட உரக்க ஆமென் சொல்பவர். எண்பதுகளின் கடைசியில், மேடவாக்கத்தில் தன் மனை ஒன்றை அப்பாவுக்கு விற்றார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. வீட்டுக்காரம்மா எப்போது மோட்டாரை நிறுத்துவாளோ என்று பயப்படாமல் தண்ணீர் பிடிக்க ஒரு சொந்த வீடு.

"பத்திரம் பண்றதுக்கு முன்னாடி வில்லங்கம் போட்டுப் பாத்துடலாங்க," என்றாள் அம்மா.

"சபைக்காரர்கிட்ட போய் வில்லங்கம் பாக்கறதா? அவர் மனசு என்ன பாடுபடும்?"

அவர் மனசாம்! எங்கள் ஆட்களுக்கென்றே வாய்த்த கூறுகெட்ட மரியாதை அது.

கடைக்கால் தோண்டப் போன அன்று இன்னொருவர் பத்திரத்தோடு வந்து நின்றார். அதே மனை. விற்றதும் அதே ஆள்தான், எங்களுக்கு விற்பதற்கு இரண்டு வருஷம் முன்பே.

அம்மா அன்றைக்கே கேஸ் போடச் சொன்னாள். அப்பா போதகருக்குக் கடிதம் எழுதினார். முத்து முத்தான கையெழுத்தில், நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி, சபை ஆபீஸில் முத்திரை வாங்கி ஒரு நகலும் வைத்துக்கொண்டார்.

"விசுவாசிங்களே கோர்ட்டு ஏறினா ஊர் சிரிக்கும் சார். கமிட்டியில பேசித் தீத்துக்கலாம்," என்றார் போதகர்.

பேசினார்கள். நாலு வருஷம் பேசினார்கள். ஒவ்வொரு தடவையும் ஜெபம், டீ, மிக்சர். "வேற மனை தரேன் சார், கொஞ்சம் பொறுத்துக்குங்க," என்று அந்த மனிதரும் வாயாலேயே பந்தல் போட்டார். நாலாம் வருஷம் அவரைச் சபைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதுதான் அப்பாவுக்கு ரோஷம் வந்தது.

மூன்று பேரும் செங்கல்பட்டு வக்கீலிடம் போனோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏமாத்திட்டாங்கன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சது?"

அப்பா பெருமையாகக் கடித நகலை நீட்டினார். வக்கீல் தேதியைப் பார்த்தார்.

"மோசடி தெரிஞ்ச நாள்லேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும் சார். பேசிக்கிட்டிருந்தோம்னா கோர்ட்டு கேக்காது." காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதை நான் பாக்கலை. போன மாசம்தான் தெரிஞ்சதுன்னு சொல்வீங்களா?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று அப்பா எழுந்துவிட்டார்.

அம்மா எழவில்லை. "நான் சொல்றேன் சார். எனக்குப் போன மாசம்தான் தெரியும். பைபிள் மேல கை வெச்சுச் சொல்றேன்."

வாழ்நாளில் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பத்திரம் யார் பேர்லம்மா இருக்கு?"

அப்பா பேரில்தான் இருந்தது; கேஸும் அவர்தான் போட முடியும். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அந்தப் பித்தலாட்டக்காரரைவிட அப்பா மேல்தான் ஆத்திரம் பொங்கியது. அம்மா அதற்குப் பிறகு வீடு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

தொண்ணூறுகளின் முடிவில் அம்மா அந்த வாடகை வீட்டிலேயே இறந்தாள். முதல் மாலையோடு வந்தவர் செயலாளர். அப்பா எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்.