எர்த் வருதுக்கா

மைக்கைக் கையில் எடுக்கிற யாரைப் பார்த்தாலும் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கால் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன். செருப்பு போட்டிருக்கிறார்களா, தரை ஈரமா? என் தங்கையின் வளைகாப்பன்று பிடித்த பயம் இது.

காவாந்தண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில்தான் பந்தல். தங்கைக்கு ஏழாம் மாதம். அவள் கணவருக்குக் குவைத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. "லைவ்ல காட்டுறேன், பக்கத்துலயே உக்காந்தா மாரி இருக்கும்" என்று வீராப்பாகச் சொன்னவள் நான். அத்தனை கூட்டத்தில் அவள் குரல் செல்போனுக்கு எட்டாதே என்று, தெரிந்தவரிடம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபையரும் இரும்பு மைக்கும் வாங்கி வந்து போனோடு இணைத்தேன்.

காலையில் சோதித்துப் பார்த்தால் கொர்ரென்று ஒரே இரைச்சல். ஃபேனை நிறுத்தினேன். சார்ஜரைப் பிடுங்கினேன். வயரை மாற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. போனில் தங்கையின் கணவர், "அண்ணி, ரைஸ் மில்லுல உக்காந்துக்கினு பேசுறா மாரி கீது" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எர்த்தை எடுத்தால் இரைச்சல் போய்விடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். மூன்று முள் பிளக்கைத் திறந்து பச்சை வயரை நறுக்கிவிட்டேன். இரைச்சல் பாதி அடங்கியது. சடங்கு நடத்த வந்திருந்த எங்கள் அத்தையின் முன்னால் பெரிய இன்ஜினியர் போல நிமிர்ந்து நின்றேன்.

வளையல் அடுக்கி முடிந்ததும் தங்கையிடம் மைக்கைக் கொடுத்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில், கால்களை மரமணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் பிடித்ததுமே மிச்ச இரைச்சலும் நின்றது. "இப்ப கிளியரா கீது!" என்றார் அவர்.

"ஐயோ, எர்த் வருதுக்கா" என்று தங்கை விரல்களை உதறினாள்.

ஃபிரிட்ஜைத் தொட்டு விரல் சுரீரென்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "புருஷன் கொரலு கேட்டா வராதா இன்னா?" என்றாள் அத்தை. பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். "எர்த்தைத்தான் நான் காலையிலயே வெட்டிப் போட்டுட்டேனே, அப்புறம் எங்கேர்ந்துடி வரும்? வுடாத, கெட்டியா புடிச்சிக்கினு பேசு."

அவள் பேசினாள். சாப்பிட்டீங்களா என்றாள், இந்தப் புடவை எப்படி என்றாள். எனக்கோ நான் சொன்னதே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. எர்த்தை வெட்டிவிட்டேன். ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போக இருந்த ஒரே வழி அந்தப் பச்சை வயர்தான். இனி அது வேறு வழி தேடும். அந்த வழி என் தங்கையின் உடம்பு. குறுக்கே இருப்பது ஒரு மணைப்பலகையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்.

"எந்திரும்மா, ஆலம் சுத்தணும்" என்று அத்தை ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

தங்கை மைக்கோடு எழுந்தாள். சாணம் தெளித்த தரை. அதன்மேல் சந்தனம் கரைத்த தண்ணீர் வேறு கொட்டிக் கிடந்தது. அவளுடைய வெறுங்கால் மணையை விட்டு இறங்கப் போனது.

நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடி, வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பிளக் கழன்று என் மேலேயே வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது அவள் ஈரத்தில் நின்றுகொண்டு, செத்துப்போன மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கரண்ட்டுதானே போச்சு. அதுக்கு இன்னாத்துக்குக்கா அழுவுற?" என்றாள்.

"ஆமாண்டி, கரண்ட்டுதான் போச்சு" என்றேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்தேன். உள்ளே ஒரு உதை விழுகிற வரைக்கும் எடுக்கவில்லை.