மடவைக்குத் தட்டும் தாளம்

கப்பல் வேலைக்குப் போன புதிதில், சிங்கப்பூரில் ராக் இசை நடக்கும் ஒரு பாருக்குள் வேடிக்கை பார்க்க நுழைந்தோம், நானும் எங்கள் பழவேற்காட்டுக் காசியும். முதல் பாட்டு முடிந்ததும் காசி மேசையைத் தட்ட ஆரம்பித்தான். ஏரியில் மடவை மீனை வலைக்குள் விரட்ட, படகுப் பலகையைக் கழியால் தட்டுவோமே, அதே தட்டு.

வெளியே தள்ளிவிடுவார்களோ என்று பயந்து அவன் கையைப் பிடித்தேன். அதற்குள் டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே அதை அப்படியே திருப்பி அடித்தார். உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து மேடைப் பக்கம் ஓடியது.

“இன்னாடா இது, வல எங்க?” என்றான் காசி.

மடவை பயந்துதான் ஓடுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது ஊர் திரும்பி ஏரியில் பலகையைத் தட்டும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வருகிறது. ஒருவேளை ஆடத்தான் வருகிறதோ?