நெல் காயும் ரோட்டுக்கு ஒரு ஸ்டீல் சைக்கிள்

போன வருடம் மாசி மாதம், உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் வரை போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டேன். பெண்களில் முதலில் வரும் மூன்று பேருக்கு மாநிலப் போட்டியில் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட கூச்சமாக இருந்தது. வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி, கொஞ்ச நாள் கேரளாவில் மீன் பேக்கிங். ஒரு ஊரில் ஒரு வருடம் தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. கடைசியாக பெங்களூரில் பெரிய சைக்கிள் கடை ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலை. வண்டி வந்த அட்டைப்பெட்டிகளை விரித்து அங்கேயே படுத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளி பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை ஓட்டக் கொடுப்பார். அந்த வேகம் உடம்பில் ஏறிவிட்டது. உத்திரமேரூர் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் இறங்கவில்லை.

தீபாவளி முடிந்ததும், சொந்தமாக ஒரு வண்டி வாங்க சென்னைக்குப் போனேன். டிராக்டர் ஓட்டும் என் அண்ணன் துணைக்கு வந்தான். என் சேமிப்புக்குள் அடங்குகிற மூன்று வண்டிகளைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். ஒருவர் ஓட்டி விற்ற, கார்பன் நாரில் செய்த வண்டி ஒன்று, புது அலுமினியம் ஒன்று, குரோமோலி என்கிற உயர்ந்த ரக ஸ்டீலில் செய்த மெல்லிய குழாய் வண்டி ஒன்று.

அண்ணன் கார்பனை ஒரு விரலில் தூக்கிப் பார்த்தான். "இன்னாமே இது, முறுக்கு டப்பா கணக்கா கீது! இத்தயே எடுத்துக்க. காத்து மாறி பறக்கும்."

எனக்கும் ஆசை அதன் மேல்தான். இருந்தாலும் மூன்றையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கார்பன் மிதித்த மாத்திரத்தில் பாய்ந்தது. அடுத்து அலுமினியத்தை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றினேன். அதுவும் நல்ல வேகம். ஆனால் சாலையில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கைக்குச் சொன்னது. திரும்பி வந்தால் கடைக்குள் ஒரே கூச்சல்.

அண்ணன் கார்பன் வண்டியின் பாரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரர் பதறிப்போய், "சார், எறங்குங்க சார்! பார்ல ஒக்காராதீங்க!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது? சைக்கிள் பார் ஒக்காரத்தான சார்?" என்றான் அண்ணன். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

கடைக்காரர் விளக்கினார். மிதிக்கிற விசையைக் கார்பன் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்குமாம். அந்த மெல்லிய பாரில் ஆள் உட்கார்ந்து அழுத்தினால் உள்ளே விரிசல் விடலாம். வெளியே தெரியாது. ஒருநாள் ஓட்டும்போது உடையும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் தோன்றியது. எங்கள் ஊரில் ஒரு சைக்கிள் நின்றால் அது நாற்காலி மாதிரி. பேச வந்தவர் பாரில்தான் சாய்வார், சித்தப்பா உட்காருவார், அண்ணன் குழந்தைகள் ஏறி ஆடுவார்கள். எத்தனை பேரை நான் காவல் காக்க முடியும்? அலுமினியத்திலும் குழாயின் தகடு மெல்லிசுதான். நசுங்கினால் நசுங்கியதுதான்.

ஸ்டீல் வண்டியை ஓட்டினேன். கார்பனைவிட ஒரு கிலோவுக்கு மேல் கனம். ஆனால் குண்டுகுழியில் கை அதிரவில்லை. அண்ணனையே பாரில் உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். வண்டி முனகக்கூட இல்லை.

"இதுதான் எனக்கு" என்றேன்.

"ஏங்க, ரேஸுக்கு எல்லாரும் கனத்தக் கொறைக்கப் பாப்பாங்க" என்றார் கடைக்காரர்.

"கொறைக்கிறதுக்கு என் ஒடம்புலயே நெறைய கீது சார்."

ஊரில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். இரும்பு வாங்க மெட்ராஸ் வரைக்கும் போனாளாம் என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மழையானாலும் வெயிலானாலும் தினமும் மாகறல் பக்கம் ஓட்டிப் பழகினேன்.

பந்தயத்தன்று விடியற்காலையில் போகும்போது, சாலையோரத்தில் நெல் தார்ப்பாய்க்குள் குவிந்து கிடந்தது. திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. நெல்லைப் பிரித்து, பாதி ரோட்டுக்குப் பரப்பி, ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். சம்பா அறுவடை நேரத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான். சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். ஆனால் காற்றுக்கு மறைவாக முன்னால் போனவளின் சக்கரத்தை ஒட்டியே குனிந்து போய்க்கொண்டிருந்தேன். அவள் கார்பன் வண்டிக்காரி, என்னைவிட நல்ல ஓட்டக்காரி. திடீரென்று நெல்லைப் பார்த்ததும் பிரேக் பிடித்தாள். நெல் மேல் பிரேக் நிற்குமா? அவள் விழுந்தாள், அவள் மேல் நான்.

நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார். "கண்ணு தெரில உங்களுக்கு? நெல்லு மேலயா வந்து வியுவீங்க?"

"வேணும்னு வியலமா!" என்றேன்.

என் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "அட, நம்ம பக்கத்துப் பொண்ணா நீ? அப்பறம் இன்னா ஒக்காந்துகினு கீற? எய்ந்திரு, போ!"

முழங்கையில் ரத்தம். என் வண்டியின் கீழ்க்குழாயில் கல் பட்டு ஒரு சொட்டை, பெயிண்ட் உரிந்திருந்தது. ஹேண்டில்பார் கோணியிருந்தது. ஸ்டீலுக்கு ஒரு நல்ல குணம், பட்ட அடியை மறைக்காது. விரலால் தடவிப் பார்த்தேன், விரிசல் இல்லை. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, ஹேண்டில்பாரைத் திருப்பி நேராக்கினேன். அந்தப் பெண்ணின் வண்டியில் பார் கல்லில் மோதி நார் நாராகப் பிளந்திருந்தது. அவள் அழவில்லை. "நீங்க போங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் விழாமல் இருந்திருந்தால் எனக்கு முன்னால்தான் போய்ச் சேர்ந்திருப்பாள். அதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை.

அங்கிருந்து உத்திரமேரூர் வரை தனியாக, எதிர்காற்றில் மிதித்தேன். முடிவுக்கோட்டைத் தாண்டியபோது நான் மூன்றாவது. அண்ணன் தன் துண்டால் என் முழங்கையைக் கட்டிவிட்டான். பக்கத்தில் நின்றவரிடம், "என் தங்கச்சி" என்றான். அவர் யாரென்று கேட்கவே இல்லை, இவனாகத்தான் சொன்னான்.

மாநிலப் போட்டியில் கடைசி வரிசையில்தான் வந்தேன். அதில் வருத்தமில்லை. அதுவரை வாழ்க்கையில் நான் செய்ததெல்லாம் கிடைத்ததை எடுத்துக்கொண்டதுதான். முதல் முறையாக மூன்றை எதிரில் வைத்து, என் ரோடு எது, என் உடம்பு எது, என் மனிதர்கள் யார் என்று யோசித்து, நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன் என்ற கர்வம் இன்றைக்கும் ஒவ்வொரு மிதியிலும் என் கூடவே வருகிறது.