பாப்பா கேட்ட கதவு

என் நாத்தனாருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குடும்பத்தில் அவளுக்குப் பெயர் இன்னும் பாப்பாதான். கடைக்குட்டி என்பதால் வைத்த செல்லப் பெயர், தலையில் நரை விழுந்த பிறகும் போகவில்லை. வேலை செய்யும் இடத்தில் அவள் மேடம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில், "கையை நீட்டுங்க, அந்தப் பக்கம் பாருங்க" என்று அவள் சொன்னால், வாசலில் சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்த ஆள்கூட வாயை மூடிக்கொண்டு கையை நீட்டுகிறான். அதே மேடம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், பாப்பாவுக்கு என்ன தெரியும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நான் அவளுடைய அண்ணன் மனைவி. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. எங்களுக்குள் அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாத ஆள் ஒருவர்தான், அவர் என் வீட்டுக்காரர். அதுவும் எல்லா நாளும் இல்லை, வாயைத் திறக்கிற நாட்களில் மட்டும்.

மாமனார் கட்டிய வீட்டில் பாப்பாவும் அவள் அம்மாவான என் அத்தையும் இருக்கிறார்கள். நாங்கள் நாலு தெரு தள்ளி இருக்கிறோம். அந்த வீட்டில் ஒரு நீளமான கூடம், ஒரு சமையலறை, அத்தை படுக்கிற அறை ஒன்று, அவ்வளவுதான். பாப்பா பிறந்ததிலிருந்து கூடத்தில்தான் படுக்கிறாள். அவள் துணி அத்தையின் பீரோவில் ஒரு தட்டில் இருக்கும். அவள் புத்தகங்கள் டி.வி. மேசைக்கு அடியில் இருக்கும். மழை வந்தால் கூரை ஒழுகும், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். வந்தவர் போனவர் எல்லாரும் அவள் படுக்கையைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும்.

பரிசோதனை நிலையத்தில் எல்லா வேலையும் அவள் செய்வாள். ஆனால் சான்றிதழ் இல்லாததால் அவள் உதவியாளர். அவளிடம் வேலை பழகிய பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் அவளுக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தார்கள். பொறுத்துப் பார்த்தாள், பிறகு ரோஷம் வந்து மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முதல் வருஷத் தேர்வில் ஒரு பாடத்தைக் கோட்டை விட்டாள். எப்படி விடாமல் இருப்பாள்? தேர்வுக்கு முந்தின நாள் அவள் பெரியப்பா குடும்பத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். இவள் கேட்டுக்கேட்டு டீ போட்டுக் கொடுத்தாள். இன்னொரு தடவை அதே பாடத்தை விட்டால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் கூரையோடு சேர்த்து வீட்டையே சரிபண்ணிவிடுவது என்று இறங்கினாள். அவள் கேட்டது பெரிய மாளிகை இல்லை. கூரை ஒழுகக் கூடாது, சமையலறையில் தண்ணீர் தேங்கக் கூடாது, கூடத்தின் பின்பாதியைத் தடுத்து அவளுக்கென்று கதவு வைத்த ஓர் அறை வேண்டும். "ஒரு கதவு போதும் அண்ணி. நான் சாத்தினா சாத்தியிருக்கணும்" என்றாள்.

வேலை செய்யும் இடத்தில் கடன் போட்டாள். மிச்சத்துக்குத் தன் கையையும் காலையும் நம்பினாள். விடுமுறை நாளில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பழைய சுண்ணாம்பைச் சுரண்டினாள். இடித்த கட்டடத்துச் சாமான் விற்கிற இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், ஒரு ஜன்னலை ஆயிரம் பேரம் பேசி வாங்கினாள். டைல்ஸ் கடையில் மிச்சம் மீதி கிடந்ததைப் பொறுக்கி எடுத்தாள். அதனால் சமையலறைத் தரையில் மூன்று நிறம். "வேணும்னே போட்ட டிசைன்னு சொல்லிடலாம்" என்று சிரித்தாள். புதுச் சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் பூச்சு வெடித்துவிடும். ஒரு கையில் குழாயைப் பிடித்து, மறுகையில் பாடத்தாளை வைத்துக்கொண்டு, ரத்த அணுக்களின் வகைகளைச் சுவரிடம் ஒப்பித்தபடி தண்ணீர் விடுவாள். பிறகு பேருந்தைப் பிடிக்க ஓடுவாள். பார்க்கிற எனக்கே மூச்சு வாங்கும்.

இவ்வளவு பண்ணுகிறவளிடம், அவள் கூலிக்கு வைத்த மேஸ்திரி என்ன சொல்வார் தெரியுமா? எதைக் கேட்டாலும், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்பார். சுவிட்ச் எங்கே வைப்பது என்றால் அண்ணன். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்றால் அண்ணன். அண்ணன் என்று அவர் சொல்வது என் வீட்டுக்காரரை. ஒரு செங்கல்லுக்குக் காசு கொடுத்தவர் இல்லை, ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டவர் இல்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனிலேயே வீடு கட்டுவார். "ஆங், அது அந்தப் பக்கம் வரட்டும். பாப்பாவுக்கு என்ன தெரியும்" என்பார். இரண்டு வாரத்தில் மேஸ்திரியும் அவளைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். வேலை நின்றுவிடக் கூடாதே என்ற பயம்.

கதவு நிலை வைத்து, தடுப்புச் சுவர் எழும்பி, பூசியாகி, கதவு மட்டும் பாக்கி. அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் மேற்பார்வை பார்க்கப் போனார். கூடத்தின் நடுவில் நின்று, "என்ன இது, குறுகிப் போச்சே" என்றார். பாப்பா விளக்கிச் சொன்னாள். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். காதில் வாங்கினாரா என்பது வேறு விஷயம்.

நான் துணிக்கடையில் பில் போடுகிறேன். இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து, அத்தைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். வாசலில் செங்கல் உடைசல் மலை மாதிரி குவிந்து கிடந்தது. மிச்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே போனால் சுவரைக் காணோம். நிலையைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பாப்பா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள். வகுப்புக்குப் போகும் வழியில் புத்தகம் எடுக்க வந்திருக்கிறாள்.

"யார் சொல்லி இடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"அண்ணன் போன் பண்ணாரு பாப்பா. கூடம் பெருசா இருக்கட்டும், நாங்க எல்லாம் வந்தா உக்கார இடம் வேணும்னாரு" என்றார் மேஸ்திரி.

"கூலி யார் குடுக்கறா?"

"நீங்கதான் குடுக்கறீங்க. இல்லைன்னு சொல்லல. இருந்தாலும் வீட்டுக்குப் பெரியவர் அவர்தானே."

அத்தை கட்டிலில் இருந்தபடியே, "அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பான், விடும்மா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாருடைய நல்லதுக்கு அத்தை என்று கேட்க வாயெடுத்தேன். பாப்பா குனிந்து, சுவரில் ஒட்டி வைத்திருந்த பாடத்தாள்களை உடைசலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள்.

"அழுகைகூட வரல அண்ணி. யாரை அடிக்கறதுன்னுதான் தெரியல" என்றாள்.

எனக்குத் தெரிந்திருந்தது. நேராக வீட்டுக்கு வந்தேன். இவர் டி.வி.யில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அணைத்தேன்.

"ஏங்க, அந்தச் சுவரை ஏன் இடிக்கச் சொன்னீங்க?"

"கூடம் அடைசலா இருந்துச்சு. வெளிச்சமே இல்ல. நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்."

"அது அவ ரூம். அவ படிக்கறதுக்கு."

"கூடத்துல உக்காந்து படிச்சா என்ன? யார் வேணாங்கறா? இந்த வயசுல படிச்சு என்ன கலெக்டரா ஆகப்போறா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் இவரிடம் நிறைய சண்டை போட்டிருக்கிறேன். கத்தியிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன், ஒன்றும் மண்டையில் ஏறியதில்லை. அன்றைக்கு எனக்குக் கத்தத் தோன்றவில்லை. எங்கள் மகன் வேலைக்கு வெளியூர் போன பிறகு, அவன் அறையை இவர் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ரூம் என்று பெயர் வைத்திருந்தார். உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, பழைய செய்தித்தாள் கட்டு, ஒரு நல்ல கதவு. அங்கே போய் இவருடைய துணிகளை ஒரு பையில் அடுக்கினேன்.

"என்ன பண்றே?" என்றார்.

"பாப்பா தேர்வு முடியற வரைக்கும் இங்க இருந்து படிக்கட்டும். அத்தையைத் தனியா விட முடியுமா? ராத்திரி எழுப்பி மாத்திரை குடுக்கணும், காலைல வெந்நீர் வைக்கணும். பெத்த பிள்ளை நீங்க இருக்கறப்ப வேற யார் போவாங்க? கூடம்தான் இப்ப பெருசா இருக்கே, தாராளமா படுக்கலாம்."

இவர் நாலு பேர் முன்னால் எப்போதும், என் அம்மாவுக்கு நான் ஒருத்தன் போதும் என்று மார்தட்டுவார். அதனால் இப்போது மறுக்க முடியாமல் பையைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"சுவர் திரும்ப எழும்பற வரைக்கும். அந்தச் செலவும் உங்களோடதுதான்."

பாப்பா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலைக்குப் போவாள், வகுப்புக்குப் போவாள், வந்து சாப்பிட்டுவிட்டு அந்த அறைக்குள் போய்விடுவாள். நான் டி.வி.யைத் தொடவே இல்லை. தேர்வை நன்றாக எழுதினாள். பிறகு முடிவு வந்தபோது, முன்பு விட்ட பாடத்தையும் சேர்த்துத் தேறியிருந்தாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

அங்கே இவர் பட்ட பாட்டை அத்தை போனில் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். பிள்ளைக்குத் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம், தும்முகிறதாம். பாப்பா எத்தனை நாள் தும்மினாள் என்று அத்தைக்கு ஞாபகம் இல்லை. அதைவிட எனக்கு வயிறு எரிந்தது மேஸ்திரியை நினைத்துத்தான். பாப்பா கெஞ்சிக் கெஞ்சி மாதக்கணக்கில் எழுப்பிய சுவரை, இவர் உட்கார்ந்து ஒரு சத்தம் போட்டதும் அந்த ஆள் ஒரு வாரத்தில் முடித்துவிட்டார். பெரியப்பா வந்து பார்த்தார். "தங்கச்சிக்காகக் கூடவே தங்கி வீட்டையே கட்டிக் குடுத்திருக்கான், இந்தக் காலத்துல யாருக்கு மனசு வரும்?" என்று இவர் முதுகைத் தட்டினார். இவரும் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன், பெரியப்பா அதோடு எங்கள் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டார்.

கதவு மாட்டிய அன்று சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இவர் திறப்பு விழா நடத்துகிறவர் மாதிரி ஒதுங்கி நின்று, "போய்ப் பாரு" என்றார். அறை நன்றாகவே இருந்தது. அவள் பேரம் பேசி வாங்கிய ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தாள், மேசையைத் தள்ளிப் போட்டாள், கதவைச் சாத்தினாள். கதவு தானாகத் திறந்துகொண்டது. இன்னொரு தடவை சாத்தினாள். மறுபடியும் திறந்துகொண்டது.

"உள்ள தாழ்ப்பாளே இல்லையே அண்ணா" என்றாள்.

தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. புதுசு, நல்ல கனமானது.

"உள்ள எதுக்குப் பாப்பா? வேலைக்குப் போறப்ப வெளியில பூட்டிட்டுப் போ. வீட்டுல நீயும் அம்மாவும்தான் இருக்கீங்க. உள்ள போய் யாருக்குப் பயந்து பூட்டப்போறே?" என்றார் இவர். கேலி பண்ணவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"உள்ள பூட்டிக்கிட்டா நான் கூப்பிட்டா எப்படி வருவா?" என்றார் அத்தை.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. பாப்பா என் கையைப் பிடித்து, "இருங்க அண்ணி" என்றாள். மேஸ்திரியைப் பார்த்து, "திருப்புளி குடுங்க" என்றாள். மேஸ்திரி என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன பாக்கறீங்க? என் கதவு. குடுங்க."

கொடுத்தார். அவள் தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் வைத்து முடுக்கினாள். மரம் கெட்டியாக இருந்தது, ஒவ்வொரு திருகுக்கும் கை சிவந்தது. மேஸ்திரி உதவிக்கு வந்தார், வேண்டாம் என்றுவிட்டாள். கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. திருப்புளியைத் திருப்பிக் கொடுத்து, புத்தகப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அப்புறம் அத்தை கூப்பிட்டார்.

"பாப்பா, மேஸ்திரிக்கு டீ போடணுமே."

அத்தை இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்.

"படிச்சிட்டிருக்கேம்மா. யாராவது போடுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இவர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இவர்தான் எழுந்து சமையலறைக்குப் போனார்.