எங்கள் கல்யாணமும் கூலிங் டவரும்

சவூதியில் ஏசி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும், வலங்கைமானில் மாமா கட்டிய கல்யாண மண்டபத்துக்கு நான்தான் ஏசி போட்டேன். அதன் சூட்டை வாங்கிவரும் தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கும் கூலிங் டவரின் அளவையும் நானே கணக்குப் போட்டேன்.

அங்கே நடந்த முதல் கல்யாணம் என்னுடையது. ஆவணி முகூர்த்தம். தாலி கட்டி முடிப்பதற்குள் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும் சவூதியின் வறண்ட காற்றை மனதில் வைத்துச் சின்ன டவராகப் போட்டுவிட்டேன். இங்கே சுற்றிலும் தண்ணீர் நிற்கும் வயல். இந்த ஈரக்காற்றில் டவர் தண்ணீர் ஆறவே இல்லை.

"ஏசி ரிப்பேரா?" என்று மணப்பெண் மெல்லக் கேட்டாள். மழுப்பியிருக்கலாம்.

"இல்ல, என் கணக்குதான் தப்பு," என்றேன்.

அவள் மாலை குலுங்கச் சிரித்தாள். "உண்மையச் சொல்லிட்டீங்களே, அது போதும். ஜன்னலத் திறக்கச் சொல்லுங்க."

பிறகு மாமாவுக்குப் பெரிய டவர் வைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் எத்தனையோ தப்புகளை அவளிடம் தைரியமாகச் சொல்லியிருக்கிறேன்.